மரமும் உலோகமும் சந்திக்கும் கோடு: ஸ்லிம்லைன், சியரா பேனா கிட்டுகள் குறித்த மதிப்புரை

கையால் கடைந்த மரப் பேனா ஒன்றை மதிப்பிட வேண்டுமானால், நான் முதலில் பார்ப்பது மரம் முடிந்து உலோகம் தொடங்கும் இடத்தைத்தான். மரத்தின் வரி எவ்வளவு அழகாக இருந்தாலும், கிளிப் எவ்வளவு பளபளத்தாலும், கட்டைவிரல் நகத்தை மரத்தின் மேலிருந்து உலோகத்தை நோக்கி இழுக்கும்போது அது ஓரிடத்தில் இடறினால் அந்தப் பேனாவில் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். மரம் உயர்ந்திருந்தால் அந்த விளிம்பில் அழுக்கு சேரும். உலோகம் உயர்ந்திருந்தால் அதன் ஓரம் விரலை உறுத்தும், சட்டைப்பையின் நூலையும் பிடித்து இழுக்கும். வீட்டில் சிறிய கடைசல் இயந்திரம் வைத்துப் பேனா செய்பவர்கள் பெரும்பாலும் வாங்கும் இரண்டு கிட் வகைகளை, அதாவது ஸ்லிம்லைன், சியரா என்ற பெயர்களில் வழங்குபவற்றை, இந்த ஒரு கோட்டை அளவுகோலாகக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். இரண்டையும் தொடர்ந்து கடைந்தும், கோத்தும், அன்றாடம் எழுதியும் வருகிறேன்.

பேனா கிட் என்பது ஒரு பேனாவுக்கு வேண்டிய மரமல்லாத உறுப்புகள் அனைத்தும் அடங்கிய சிறு பொட்டலம். எழுதுமுனைக் கூம்பு, ரீஃபிலை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் முறுக்கு விசை, நடு வளையம், கிளிப், தலைப்பொத்தான், பித்தளைக் குழல், ரீஃபில் ஆகியவை அதில் இருக்கும். மரத்தை நாம் சேர்க்க வேண்டும். மரத்தைத் துளைத்து, குழலை உள்ளே ஒட்டி, கடைந்து, மெருகேற்றி, உலோக உறுப்புகளை இருமுனையிலும் அழுத்திப் பொருத்தினால் பேனா ஆகிவிடும். உறுப்புகளை விலைக்கு வாங்கிக் கோப்பதைக் கைவினை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிளிப் முதல் திருகுமரை வரை எல்லாவற்றையும் தாமே செய்கிறவர்களின் திறமை தனிச் சிறப்புடையதுதான்; அதை நான் வணங்குகிறேன். ஆனால் கிட்டில் வரும் உலோகத்தின் விட்டம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுவதால், மரத்தை அதே விட்டத்துக்கு, ஒரு மயிரிழை கூடாமலும் குறையாமலும் கொண்டுவந்து நிறுத்துகிற பொறுப்பு முழுவதும் கடைபவரின் கையில் விழுகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவது கைவினை இல்லையென்றால் வேறு எது?

ஸ்லிம்லைனை முதலில் எடுத்துக்கொள்வோம். கிராஸ் நிறுவனத்தின் மெலிந்த முறுக்குப் பேனாக்களின் தோற்றத்தைத் தழுவிய வடிவம் இது. உலகெங்கும் பேனா கடையக் கற்பவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். இதில் 7 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பித்தளைக் குழல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்குச் சற்று அதிக நீளம். கீழ்க்குழலில் எழுதுமுனையும் முறுக்கு விசையும் அமர்கின்றன. மேற்குழலில் கிளிப்பும் தலைப்பொத்தானும் அமர்கின்றன. இரண்டு பாதிகளுக்கும் இடையில் நடு வளையம் நிற்கிறது. துளைபோட 7 மி.மீ. பிட் போதும், அது எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பது இந்தக் கிட்டின் மிகப் பெரிய வசதி. கட்டையும் பெரிதாக வேண்டியதில்லை. தச்சுப்பட்டறையில் கழித்துப் போடுகிற, விரல் பருமனைவிடச் சற்றே தடித்த துண்டு போதுமானது.

ஆனால் எளிதாகத் தோன்றும் இந்தக் கிட்டில்தான் மரத்துக்கு மிகக் கடுமையான சோதனை காத்திருக்கிறது. குழலின் வெளிவிட்டம் 7 மி.மீ.; முனையில் மரம் வந்து சேர வேண்டிய உலோகத்தின் விட்டம் ஏறத்தாழ 8.4 மி.மீ. அப்படியானால் முனையில் குழலைச் சுற்றி நிற்கும் மரத்தின் தடிமன் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அஞ்சலட்டைகள் இரண்டு மூன்றை அடுக்கினால் வரும் அளவு அது. இந்த மெல்லிய மரத்தோல்தான் உளியின் வேகத்தையும், உப்புத்தாளின் சூட்டையும், உலோகத்தை அழுத்தும்போது குழல் விரிவதையும், பிறகு வரும் மழைக்காலத்தையும் கோடையையும் தாங்க வேண்டும். அதுவும் ஓரிடத்தில் மட்டுமல்ல. எழுதுமுனையில் ஒன்று, நடு வளையத்தின் இருபுறமும் இரண்டு, கிளிப்பின் கீழே ஒன்று என ஸ்லிம்லைனில் மரமும் உலோகமும் சந்திக்கும் கோடுகள் நான்கு. நான்கும் சரியாக அமைந்தால்தான் பேனா சரியாக அமைந்தது.

அந்தக் கோட்டின் தலைவிதி துளைபோடும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. பிட் நேராக இறங்க வேண்டும். சிறிது இறங்கியதும் வெளியே இழுத்துத் தூளை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கருங்காலி போன்ற அடர்த்தியான மரம் உள்ளுக்குள் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடு விட்டுவிடும். அது பல வாரங்கள் கழித்து மெருகின் மேல் வெண்கோடாக எழும். பிட் மறுபக்கம் வெளியேறும் இடத்தில் மரம் பிய்ந்து போகாமலிருக்க, கட்டையைத் தேவைக்கு மேல் நீளமாக வைத்துத் துளைத்து, கடைசிப் பகுதியை அறுத்து எறிந்துவிடுவது நல்லது. குழலை ஒட்டும்முன் அதன் வெளிப்பரப்பை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். பசை குழலுக்குள் போய்விட்டால் பின்னால் உலோகம் இறங்காது என்பதால், பச்சை உருளைக்கிழங்கை மெல்லிய வில்லையாக அறுத்து, அதில் குழலின் வாயை ஒருமுறை குத்தி அடைத்துக்கொள்ளும் வழக்கம் கடைசல்காரர்களிடம் உண்டு. இதைவிட மலிவான, நம்பகமான அடைப்பானை நான் பார்த்ததில்லை. உடனே பிடிக்கும் பசையைவிட அரால்டைட் போன்ற இரு கலவைப் பசையையே நான் விரும்புகிறேன். ஓர் இரவு காத்திருக்க வேண்டியிருந்தாலும், அது குழலுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை முழுவதுமாக நிரப்பிவிடுகிறது. உள்ளே இடைவெளி இருந்தால் அந்த முக்கால் மில்லிமீட்டர் மரத்துக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இருக்காது.

ஒட்டியபின் முனைகளைக் குழலின் அச்சுக்குச் சரியான செங்கோணத்தில் சீவ வேண்டும். சீவும் கருவி மரத்தை வட்டமாக அரித்துக்கொண்டே இறங்கும். பித்தளை வளையம் முழுச்சுற்றும் மினுங்கிய கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அரைச்சுற்று மட்டும் மினுங்கினால் சீவல் முடியவில்லை. மினுங்கிய பின்னும் அழுத்தினால் குழல் குட்டையாகி, ரீஃபில் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே முகம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் பின்னர் உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் கீற்று தெரியும். எந்த மெருகும் அதை மறைக்காது.

அடுத்து, மாண்ட்ரல் என்னும் தண்டில் கட்டைகளைக் கோத்து, இருபுறமும் புஷ் என்ற எஃகு வளையங்களை மாட்டிக் கடைகிறோம். புஷ்ஷின் விட்டமும் கிட்டின் உலோக விட்டமும் ஒன்று என்பது ஏற்பாடு. மரம் புஷ்ஷோடு சமமானதும் நிறுத்தலாம் என்று கிட்டோடு வரும் குறிப்புத்தாள் சொல்லும். இந்த அறிவுரையை நான் முழுமையாக ஏற்பதில்லை. ஒவ்வொரு பேனாவிலும் உப்புத்தாள் மரத்தோடு புஷ்ஷையும் சேர்த்துத் தேய்ப்பதால், நாளடைவில் புஷ் இளைத்துவிடுகிறது. இளைத்த புஷ்ஷை நம்பிக் கடைந்தால் மரமும் இளைத்து உலோகம் திண்ணைபோல் நீட்டி நிற்கும். போதாக்குறைக்கு, ஒரே பெயரில் வரும் கிட்டுகளிலும் முலாமின் தடிமனைப் பொறுத்து உலோக விட்டம் சிறிது மாறுகிறது. ஆகவே கிட்டைப் பிரித்ததும் ஒவ்வோர் உறுப்பின் விட்டத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு, மரத்தை அந்த எண்ணுக்குக் கடைவதே முறை. மேல்பூச்சும் தடிமன் சேர்க்கும் என்பதால் அதற்கும் ஓர் இழை இடம் விட வேண்டும். அளக்காமல் கடைந்த நல்ல பேனா என்று ஒன்று இருந்தால், அது தற்செயல்.

கோக்கும் கட்டத்தில் ஸ்லிம்லைன் கிட்டின் தரம் வெளிப்படுகிறது. நல்ல கிட்டில் எழுதுமுனை நேராக, சீரான எதிர்ப்போடு இறங்கி, கடைசியில் மரத்தின் மேல் மெல்லென உட்கார்ந்துவிடும். தரம் குறைந்த கிட்டில் இரண்டு வகைத் தொல்லைகளைக் கண்டிருக்கிறேன். உறுப்பு தேவைக்கு மேல் தடித்திருந்தால் அது குழலை விரித்து மரத்தை நீளவாக்கில் பிளக்கிறது. மெலிந்திருந்தால் சில நாள் பயன்பாட்டிலேயே கையோடு கழன்று வருகிறது. முறுக்கு விசையை இறக்கும்போது பொறுமை மிகவும் வேண்டும். அதில் போட்டிருக்கும் கோடு வரை ஒரே மூச்சில் அழுத்தாமல், சற்று முன்பே நிறுத்தி, ரீஃபிலைத் திருகிப் பார்த்து, முனை எவ்வளவு வெளிவருகிறது என்று கவனித்து, மறுபடி சிறிது அழுத்த வேண்டும். ஆழமாகப் போய்விட்ட விசையை மரத்துக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுப்பது கடினம்.

இனி மரத்தின் பக்கம் வருவோம். கோடு சரியாக அமைந்த பேனாவும் ஆறு மாதம் கழித்து இடறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் அசைகிறது, பித்தளை அசைவதில்லை. இந்த அசைவு இழையின் நீளவாக்கில் மிகச் சிறியது, குறுக்குவாக்கில்தான் பெரிது. அசைவு குறைந்தது என்று பெயர்பெற்ற தேக்கே, பச்சையாக இருந்து முழுவதும் காயும்போது ஆண்டு வளையங்களின் திசையில் ஏறத்தாழ 5 விழுக்காடு சுருங்குகிறது. மையத்திலிருந்து வெளிநோக்கும் திசையில் அதில் பாதிதான். இந்த வேறுபாட்டினால்தான் சரியாகக் காயாத கட்டையில் கடைந்த வட்டம் நாளடைவில் வட்டமாக இருப்பதில்லை. ஒரு திசையில் மரம் உலோகத்துக்கு மேல் எழும்பி, மறுதிசையில் உள்வாங்கி நிற்கும். உலர்ந்த வெளிநாட்டுக் கடையில் வாங்கிய கட்டை சென்னைக்கு வந்தால் ஊதுகிறது. நம் கடலோரக் காற்றில் இருந்த கட்டை குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போனால் சுருங்குகிறது. கட்டையைத் துளைத்தபின், குழலை ஒட்டும்முன், பட்டறையிலேயே சில வாரம் போட்டுவைப்பது இதற்கு நல்ல மருந்து. துளை வழியாக உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறிவிடும்.

மரத்தைக் காயவைக்கும் வேலையைக் காலமே செய்து கொடுத்திருக்குமானால் இன்னும் நல்லது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தை, அதுவும் பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சாவைத் தேடி வாங்குவதில் பெரிய அறிவு இருக்கிறது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவி நீளமாகத் துளைத்துக் கடையப்படுவது. அதில் மரம் அசைந்தால் சுருதியே போய்விடும். பல பத்தாண்டுகள் உத்தரமாகவோ தூணாகவோ நின்ற மரம் தன் அசைவையெல்லாம் முடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டது. பேனாவுக்கும் அதே நியாயம் பொருந்துகிறது. காரைக்குடியில் இடித்த வீடுகளின் பொருள்கள் விற்கும் கடைகளில் பர்மாத் தேக்கின் உடைந்த சட்டங்களும் கம்பித் துண்டுகளும் கிடைக்கும். அவற்றில் கடைந்த பேனாக்களில் கோடு நகர்ந்ததாக நான் இதுவரை காணவில்லை. அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் பார்த்து, உள்ளே பழைய ஆணி இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆச்சா இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. உளிக்குக் கடினம், ஆனால் வைரம் பாய்ந்த கட்டையில் கடைந்தால் அடர்ந்த செம்பழுப்பில் கண்ணாடிபோல் வருகிறது. வீணைக்குப் பயன்படும் பலா மரத்தின் மஞ்சள் நிறம் காலப்போக்கில் தேன்பழுப்பாக மாறும். தங்க நிற உலோகத்தோடு அது மிகப் பொருந்தும். ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லப்படும் மரம் எல்லாவற்றையும்விட அழகு. ஆனால் அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுப்பசையைப் பிடிக்க விடாது, ஆகவே ஒட்டும்முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துளையைத் துடைத்துவிட வேண்டும். அந்த மரத்தின் பேரினம் ஏறத்தாழ முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 சனவரி முதல் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பேனா விற்க நினைப்பவர்கள் விதிகளை முதலில் பார்த்துக்கொள்வது அவசியம். செம்மரத்தைப் பொறுத்தவரை, உரிய ஆவணம் இல்லாத ஒரு விரல் துண்டைக்கூட வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கருங்காலி மாலைக்கு ஏற்பட்டுள்ள மோகத்தில், கறுப்புச் சாயம் ஏற்றிய ஏதோ ஒரு மரமும் அந்தப் பெயரில் விற்கிறது. அதைக் கடைந்தால் ஒரு மில்லிமீட்டர் உள்ளே வெளுத்த மரம் தெரிந்துவிடும். ஆகவே கருங்காலி வாங்கும்போது கட்டையின் குறுக்குவெட்டு முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மெருகு விஷயத்தில் கருத்து வேறுபாடு நிறைய. 150 முதல் 600 வரையிலான உப்புத்தாள்களை வரிசையாக ஓட்டி, ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் இயந்திரத்தை நிறுத்தி இழையின் நீளவாக்கில் ஒருமுறை தேய்த்து, வட்டக் கீறல்களை அழிப்பது எல்லோருக்கும் பொது. அதற்குமேல் அரக்கும் மெழுகும் கலந்த பாலிஷைச் சுழலும் மரத்தில் தேய்த்து, உராய்வின் சூட்டில் பிடிக்கவைப்பது ஒரு வழி. கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளில் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தி, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே புரியும். கையில் எடுத்தால் மரத்தைத் தொடுகிற உணர்வு மாறாமல் கிடைக்கும் என்பது இதன் பெருமை. விரல் வியர்வையில் சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பது இதன் குறை. மற்றொரு வழி, ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த உடனடிப் பசையை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, 1500 முதல் 12000 வரையுள்ள நுண்தாள்களில் நீர்விட்டுத் தேய்ப்பது. இது மரத்தின் மேல் ஒரு கடினமான கவசத்தை உண்டாக்கி, ஈரத்தின் போக்குவரத்தையும் தடுக்கிறது. ஸ்லிம்லைன் போல மரம் மெல்லியதாக உள்ள பேனாவுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். கோட்டின் இரு ஓரங்களையும் அது சேர்த்துக் காக்கிறது. பூசும்போது பருத்தித் துணியைத் தொடவே கூடாது. அந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடாகும். அதன் ஆவி கண்ணையும் எரிக்கும். மரத்தூளையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகக்கவசமும் தூள் உறிஞ்சியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

உலோகத்தின் மேலுள்ள முலாம்தான் கிட்டின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மலிவான கிட்டுகளில் வரும் மெல்லிய தங்க முலாம் பொட்டலத்தில் இருக்கும்போது மிக அழகாக இருக்கும். ஆனால் விரல் படும் எழுதுமுனையிலும், பையில் உராயும் கிளிப்பிலும் அது முதலில் தேய்ந்து, அடியிலுள்ள பித்தளை வெளிறிய திட்டுகளாகத் தெரியத் தொடங்கும். கடலோரத்தில், வியர்வை அதிகமுள்ள கைகளில், இது இன்னும் விரைவு. குரோமும் ரோடியமும் டைட்டானியம் நைட்ரைடும் நெடுநாள் தாங்குகின்றன. தங்க நிறம் வேண்டுமென்போர் டைட்டானியம் நைட்ரைடைக் கேட்டு வாங்கலாம். அதன் நிறமும் பொன்னை ஒத்ததே. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய தங்க நிறக் கிட்டுகளில் முலாமின் வகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. பரிசாகக் கொடுத்த பேனாவின் முனை ஒரு கல்வியாண்டு முடிவதற்குள் நிறம் மாறிவிட்டது. மரம் அப்படியே இருக்க, உலோகம் மட்டும் கிழடுதட்டிய பேனாவைப் பார்ப்பது வருத்தமாக இருக்கும். முலாமின் பெயரைச் சொல்லாத கிட்டை வாங்காதீர்கள்.

சியரா இந்தக் குறைகளில் பலவற்றை வடிவத்தாலேயே தீர்த்துவிடுகிறது. இதில் ஒரே ஒரு மர உருளைதான். பேனாவின் மேற்பாதி முழுவதும் உலோகம், அதைத் திருகினால் முனை வெளிவரும். மரமும் உலோகமும் சந்திக்கும் கோடுகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைகின்றன. முனையில் மரத்தின் தடிமன் ஸ்லிம்லைனைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் உருளை பருமனாக இருப்பதால் வரி நன்றாகத் தெரிகிறது, ஒரே துண்டு என்பதால் மேல் பாதியின் வரியைக் கீழ்ப்பாதியின் வரியோடு சேர்க்கும் பாடும் இல்லை. எழுதுவதற்கும் இதுவே மேல். ஸ்லிம்லைனைப் பிடித்து நாலு பக்கம் எழுதினால் விரல்கள் இறுகிப்போகின்றன. ஏறத்தாழ 12 மி.மீ. பருமனுள்ள சியராவில் அந்தக் களைப்பு இல்லை. ஆனால் மேற்பாதி உலோகம் என்பதால் எடை சற்று மேலே சாய்கிறது. பேனாவின் பின்முனையைக் கைமடிப்பில் சாய்த்து எழுதுபவர்களுக்கு அது தெரியாது, நிமிர்த்திப் பிடிப்பவர்களுக்குத் தெரியும்.

சியராவுக்குத் துளைபோட வேண்டிய அளவு 27/64 அங்குலம், அதாவது 10.7 மி.மீ. சாதாரணக் கடைகளில் 10.5-உம் 11-உம் கிடைக்குமே தவிர இது தேடினால்தான் கிடைக்கும். 11-இல் துளைத்துப் பசையால் நிரப்பிவிடலாம் என்று எண்ணத் தோன்றும்; அப்படிச் செய்தால் குழல் மையத்திலிருந்து விலகி, மரத்தின் தடிமன் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவுமாக அமையும். பிட்டைக் கிட்டோடு சேர்த்தே வரவழைத்துக்கொள்வது நல்லது. கட்டையும் தடிமனாக வேண்டும் என்பதால் கழிவுத் துண்டுகளில் பாதி இதற்கு உதவாது.

ரீஃபிலைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. ஸ்லிம்லைனுக்குக் கிராஸ் வகை ரீஃபில் வேண்டும். மேற்பாதியை இழுத்துக் கழற்றி, பழையதைத் திருகி எடுத்துப் புதியதைத் திருக வேண்டும். பெருநகரங்களில் கிடைக்கும், சிற்றூரில் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். கிட்டோடு வரும் ரீஃபிலின் எழுத்தும் பெரும்பாலும் திட்டுத்திட்டாகவே இருக்கிறது. சியரா எடுப்பது பார்க்கர் வகை. பார்க்கர் நிறுவனம் 1954-இல் ஜாட்டர் பேனாவை வெளியிட்ட பிறகு பரவலாகிய அந்த அளவை இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. பால்பாயின்ட், ஜெல் என்று விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம், பள்ளிக்கு எதிரேயுள்ள எழுதுபொருள் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குப் பரிசாகத் தரும் பேனா அவர் மேசையில் பத்தாண்டு இருக்க வேண்டுமென்று நினைப்பவருக்கு இந்த ஒரு காரணமே சியராவைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

தொழிற்சாலையில் செய்யப்படும் உயர்ரக மரப் பேனாக்களோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்கலாம். கிராஃப் ஃபோன் ஃபாபர் காஸ்டலின் கிளாசிக் வரிசையில் கருங்காலி, கிரெனடில்லா போன்ற மரங்களில் நெடுக்குவரிப் பள்ளங்கள் இட்டு உலோக முனைகளோடு சேர்த்திருப்பார்கள். அந்தக் கோட்டின் சுத்தம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம், விஸ்கி ஊறிய ஓக் பீப்பாய்களின் மரத்தைக் கொண்டு பியூர் மால்ட் என்ற வரிசையைச் செய்கிறது. பழைய மரத்தின் அமைதியை அவர்களும் நம்புகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. மைப்பேனாவில் மரத்தைப் பயன்படுத்த விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை: மரம் மையை உறிஞ்சும், ஆகவே மை நேரடியாக மரத்தைத் தொடவே கூடாது, உள்ளே மையைத் தேக்கிவைக்கும் கன்வெர்ட்டர் என்ற சிறு குழாய் இருக்க வேண்டும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களைக் கடைபவர்கள் கையாளும் எபோனைட் என்ற கெட்டி ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை; மைப்பேனா உலகில் கைக்கடைசலுக்கு அதுவே உகந்த பொருளாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கற்றுக்கொள்ளத் தொடங்குபவர், குரோம் முலாமிட்ட ஸ்லிம்லைன் கிட்டுகள் சிலவற்றையும் பழைய தேக்குத் துண்டுகளையும் வைத்துத் தொடங்கட்டும். நான்கு கோடுகளைச் சமாளிக்கக் கற்ற கைக்கு இரண்டு கோடுகள் சிரமமாக இராது. கூடவே உபரிக் குழல்கள் சிலவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மரம் பிளந்தால் உலோக உறுப்புகளை எடுத்துவைத்துப் புதுக் குழலில் மறுபடி கடையலாம், கிட் வீணாகாது. விற்பதற்கோ ஆசிரியருக்கோ மணமக்களுக்கோ தருவதற்கோ செய்பவர் சியராவுக்குச் செல்லட்டும். முலாம் ரோடியமாகவோ டைட்டானியம் நைட்ரைடாகவோ இருக்கட்டும். பேனாவோடு மரத்தின் பெயரையும், ரீஃபிலின் வகையையும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்க வேண்டாம் என்ற குறிப்பையும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.